ஆட் போட மறந்த மதியம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க் என் பொறுப்பு. விசிட்டிங் கார்டில் நெட்வொர்க் இன்ஜினியர். என் அம்மாவைக் கேட்டால் "ஒயர் சொருகுற வேலை". ஒயரெல்லாம் வந்து சேரும் ஒரே ஸ்விட்ச் பெட்டிக்குள் அக்கவுன்ட்ஸ், ஸ்டோர்ஸ், ஆபீஸ் என்று ஆளுக்கொரு விலான், அதாவது தனி வலை, போட்டுப் பிரித்துவைப்பேன். நாங்கள் குடியிருந்த முகப்பேர் ஹவுசிங் போர்டு பிளாக் மாதிரிதான்: மாடிப்படி ஒன்று, ஆனால் ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாது.

பிரிப்பதில் இவ்வளவு கெட்டிக்காரனான என்னைப் பிரிந்துதான் என் மனைவி கொரட்டூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்கும் இதே கம்பெனியில் வேலை. மாடியில் அக்கவுன்ட்ஸ். நான் கீழே.

"உன்கிட்ட ஒரு வார்த்தை சீரியஸா பேச முடியல மாமா. எது சொன்னாலும் ஜோக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பையை எடுத்தாள். அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன். நல்ல ஜோக் வேறு.

அதிலிருந்து ஆபீசில் எதிர்ப்பட்டால் நான் அவளுக்கு "சார்". அடுத்த வாரம் பூந்தமல்லி கோர்ட்டில் இருவரும் சேர்ந்து விவாகரத்து மனு போடுவதாக இருந்தது. அதற்குள் ஒரு தரமாவது "மாமா" என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று காத்திருந்தேன்.

அன்று மதியம் புது கேமராக்களுக்கு ஒரு விலான் சேர்க்க வேண்டியிருந்தது. கீழ் ஸ்விட்ச்சையும் மாடி ஸ்விட்ச்சையும் இணைப்பது ஒரே கேபிள். அதில் எந்தெந்த விலான் போகலாம் என்று கட்டளை அடிக்க வேண்டும். கட்டளையில் 'ஆட்' என்ற சொல் இருந்தால் புதியது பழையவற்றோடு சேரும். இல்லாவிட்டால் புதியது மட்டும் உள்ளே, பழையதெல்லாம் வெளியே. எங்கள் தொழிலில் ஆட் போட மறந்து ஆடு ஆகாதவன் கிடையாது. அன்று என் முறை.

மாடி முழுக்க நெட் போயிற்று. ஸ்டோர்ஸ் நண்பன் ஓடிவந்தான்.

"இன்னா மாமே, கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள நீயே அவங்க செக்சனை அத்து வுட்டுட்டியா?"

இன்டர்காம் அடித்தது. அவள்தான்.

"சார், அக்கவுன்ட்ஸ்ல நெட் வரல."

"என் தப்புதான். ஒரு சொல்லு விட்டுப்போச்சு. இரு, சேர்த்துடறேன்." விட்டதையெல்லாம் சேர்த்து அடித்தேன். "இப்பப் பாரு."

"வந்துடுச்சு."

அவள் போனை வைக்கவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒரு ஜோக் சொல்வேன். இரண்டு மூன்று நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கினேன்.

"வீட்டுக்கு வந்துடேன்" என்றேன்.

"இதை அன்னிக்கே இப்படிக் கேட்டிருக்கலாமே மாமா" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஒரு செருமலில் அதைச் சரிசெய்துகொண்டு, "கோர்ட்டுக்கு டைமுக்கு வந்துடுங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

"இன்னா சொன்னாங்க?" என்றான் நண்பன்.

"நெட் வந்துடுச்சாம்."

விழுந்து விழுந்து சிரித்தான். ஜோக் என்று நினைத்துவிட்டான்.