நோட்டீஸ் யார் பேருக்கு?

அமெரிக்காவில், டென்னஸியில் நெடுஞ்சாலையை ஒட்டி நாற்பத்திரண்டு அறை கொண்ட ஓட்டல் அது. ஹஸுமதி அங்கே இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரித்தவள், ஆள் வைத்து வேலை வாங்கியவள். எந்த அறையில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஓட்டலின் காகிதம் ஒன்றில்கூட அவள் பேர் கிடையாது. அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமும் இருந்ததில்லை.

பெரிய கம்பெனியின் பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள ஒப்பந்தம் போட்டபோது, சட்டப்படியான நோட்டீஸை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் கணவர் நட்டுபாய் யோசிக்கவே இல்லை. நியூஜெர்சியில் இருக்கும் தன் அண்ணன் தாக்கோர்பாய் பேரை எழுதிவிட்டார். இந்த நாட்டுக்கு அழைத்துவந்தவர், வீட்டுக்கு மூத்தவர், அவரை விட்டுவிட்டு வேறு யார் பேரைப் போடுவது? மரியாதை என்று வந்துவிட்டால் எங்கள் குஜராத்தி ஆட்களுக்குத் தலைகால் புரியாது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் தாக்கோர்பாய் போன் செய்தார்.

"நல்ல சகுனம் ஹஸு! உங்க கம்பெனிக்காரன் கனமா ஒரு கவர் அனுப்பியிருக்கான். புது ஒப்பந்தமாத்தான் இருக்கும். சாமி முன்னாடி வச்சு குங்குமம் இட்டுட்டேன். தீபாவளிக்குப் புதுக் கணக்கு நோட்டோட சேர்த்துப் பூஜை பண்ணிட்டுப் பிரிக்கிறேன்."

"எப்ப வந்துது, மோட்டாபாய்?" பெரியண்ணா என்று அர்த்தம், கணவரின் அண்ணனை அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"மூணு வாரம் இருக்கும்."

"இப்பவே பிரிங்க."

"பூஜைக்கு முன்னாடியா?"

"சாமி கோவிச்சுக்காது மோட்டாபாய், கம்பெனிக்காரன்தான் கோவிச்சுப்பான். பிரிங்க!"

பிரித்தார். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது. மாடி நடைபாதையில் கம்பளம் கிழிந்திருக்கிறது, ஆறு அறைகளில் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்யவில்லை. கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, பலகையை இறக்க வேண்டும். மிச்சம் ஒன்பது நாள். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் வண்டிகள் உள்ளே திரும்பும். அது போனால் ஓட்டலும் போன மாதிரிதான்.

ஹஸுமதி அழவில்லை, திட்டினாள். முதலில் நட்டுபாயை, அப்புறம் கம்பளத்தை. பிறகு பக்கத்து ஊர்களில் ஓட்டல் நடத்தும் எங்கள் ஆட்களுக்கெல்லாம் போன் போட்டாள். ஒருவர் கம்பளம் போடுகிறவரை அனுப்பினார், இன்னொருவர் தன் கிடங்கிலிருந்து ஆறு கருவிகளைக் கொடுத்தார். அந்த வருஷம் அவள் தீபாவளி, வரவேற்பு மேஜையில் ஏற்றிய ஒற்றை விளக்கோடு முடிந்தது. எட்டாம் நாள் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"அப்பாடா! இனிமே கவரைப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லி அண்ணன்கிட்ட சொல்லிடலாம்" என்றார் நட்டுபாய்.

"சொல்றதெல்லாம் வேண்டாம். பேரையே மாத்தணும்."

"அண்ணன் மனசு புண்படும், ஹஸு."

"நானே பேசறேன்."

கவரைப் பிரிக்கச் சொன்ன அந்த ஒரு தடவை தவிர, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தாக்கோர்பாயை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை அவள். விஷயத்தைச் சொன்னாள்.

"என் பேரை எடுத்துட்டு யார் பேரைப் போடப்போறே?"

"என் பேரை."

"உன் பேரையா?" கிழவர் பெருமூச்சு விட்டார். "போடும்மா. நான் குங்குமம் வச்சேன், நீ கம்பளம் விரிச்சே. ஓட்டல் எதுல நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

நட்டுபாய் கையெழுத்திட்ட கடிதம் பதிவுத் தபாலில் போயிற்று. இரண்டு வாரம் கழித்துத் தபால்காரி டார்லா கம்பெனி அனுப்பிய கனமான ஒரு உறையோடு வந்து நின்றாள். "இங்க யாருங்க ஹஸுமதி? அவங்கதான் கையெழுத்துப் போடணும்" என்றாள். பல வருஷமாகத் தினம் பார்க்கிற பெண், அவளுக்கே பேர் தெரியவில்லை!

"நான்தான்" என்றாள் ஹஸுமதி. முழுப் பேரையும் நிதானமாக எழுதினாள். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் தாக்கோர்பாய் போன் செய்தார். "கவர் வந்துதாமே, குங்குமம் வச்சியா?"

"பிரிச்சுப் படிச்சுட்டு வச்சேன், மோட்டாபாய்."