குறட்டை என்று நினைத்தது

எங்கள் வீட்டில் குறட்டைச் சத்தம் நல்ல செய்தி. பைராம் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த நாட்களில், அப்பா குடித்துவிட்டு வந்தால் தட்டு பறக்கும், அம்மாவின் முடி அவர் கையில் இருக்கும். அவர் குப்புற விழுந்து குறட்டைவிட ஆரம்பித்த பிறகுதான் நானும் தம்பியும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து சோறு தின்போம். குறட்டை வந்தால் ஆபத்து முடிந்தது என்று என் காது படித்துவைத்திருந்தது. பாழாய்ப்போன காது.

போன தீபாவளிக்கு முதல் வாரம் தம்பி மனைவி அவனோடு சண்டை போட்டுக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தைப்பிங்கில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை அவன் குடியைப் பற்றித்தான். நல்ல நாளில் தனியாகக் கிடப்பானே என்று ஜெலுத்தோங்கில் என் ஃபிளாட்டுக்கு வரச் சொன்னேன். தீபாவளியன்று காலையிலேயே வந்தான், விஸ்கி போத்தலோடு.

"தோசை ஊத்தி வெச்சிருக்கேன். பசியாறிட்டு அப்புறம் என்னமோ பண்ணித் தொலை."

"அப்புறம் சாப்டுறேன்லா அக்கா. நல்ல நாளும் அதுவுமா ஏசாத."

நான் அடுப்படியில் ஆட்டுக்கறி பெரட்டலோடு மல்லுக்கட்டிவிட்டு வருவதற்குள் முக்கால் போத்தல் காலி. வெறும் வயிறு. தண்ணீர் குடிப்பதுபோலக் குடித்திருக்கிறான். சோபாவிலிருந்து வழுக்கி விழுந்தான், வாந்தி எடுத்தான். விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பயம் வரவில்லை, மானம் போகிறதே என்ற எரிச்சல்தான் வந்தது. என் வீட்டுக்காரர் அவனை அறைக்குள் இழுத்துப்போய் மல்லாக்கப் படுக்கவைத்தார். நான் பால் விடாத கோப்பி ஓ கலந்து அவன் வாயில் ஊற்றினேன். பாதி கடைவாயில் வழிந்தது. கையைக் கிள்ளினேன். அசையவில்லை. நடிக்கிறான் என்றேன். அப்புறம் அந்தச் சத்தம் வந்தது, கரகரவென்று.

"விடு, தூங்கட்டும். கொறட்ட விடுறான்ல," என்றார் அவர்.

கதவைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்தேன். மனசு ஆறவில்லை. திரும்பப் போய் ஃபோனில் அவனை வீடியோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அவன் பெண்டாட்டியும் அதில் இருக்கிறாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. பார்த்தாலே போதும் என்று நினைத்தேன். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன.

அப்புறம் பட்டர்வொர்த்திலிருந்து என் சித்தி மகள் கூப்பிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் தாதி.

"அக்கா, அது கொறட்ட இல்ல. மூச்சு அடைக்குது. எழுப்புங்க."

"எழுந்திரிக்க மாட்டேங்கிறான்."

"லைட்டப் போட்டு ஒதட்டப் பாருங்க."

நாவல்பழம் தின்ற வாய்போல நீலம் பாரித்திருந்தது. கை ஜில்லென்று இருந்தது. மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வரவில்லை. வரவில்லை. என் மூச்சை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கரகரவென்று வந்தது.

"ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதுவும் ஊத்தாதீங்க, தண்ணி ஊத்திக் குளிப்பாட்டாதீங்க. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் அடிங்க. தனியா விடாதீங்க."

புரட்டியதும் வாந்தியும் நான் ஊற்றிய கோப்பியும் சேர்ந்து வெளியே வந்தன.

ஆஸ்பத்திரியில் இயந்திரம்தான் அவனுக்காக மூச்சுவிட்டது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்குமாம். தூங்கினால் தெளிந்துவிடும் என்பது நம்முடைய கற்பனை. எழுப்பியும் எழாதவன் தூங்கவில்லை, மயங்கிக் கிடக்கிறான். அவன் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போய்விடும். அவன் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. நான் ஊற்றியது எவ்வளவு உள்ளே போனது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிழைத்தான். அவன் மனைவி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க உடனே வீடியோ எடுத்துப் போட்டதாலதான் அண்ணி அவரு உயிரோட இருக்காரு." சொந்தமெல்லாம் அதையே சொன்னது. சிரிக்கும் முகங்களை அனுப்பியவர்கள் சத்தமில்லாமல் அவற்றை அழித்துவிட்டார்கள். நான் தலையாட்டினேன். வெட்கங்கெட்டு ஆட்டினேன்.

அவன் வீடு திரும்பிய பிறகு ஒரு மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். தாங்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

"டேய், அந்த வீடியோவ நான் ஒதவிக்குப் போடல. ஒன் மானத்த வாங்கத்தான் போட்டேன்."

"தெரியும்க்கா."

"யாரு சொன்னா?"

"நானும் குரூப்ல இருக்கேன்லா. போட்டுப் பாத்தேன். நான் மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கேன், பின்னால நீ சிரிக்கிற சத்தம் கேக்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவன் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னான்.