அண்ணாந்து குடிச்ச தண்ணி

வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போக விழுப்புரத்துல பஸ் ஏறி உக்காந்துட்டேன். மனசுதான் இன்னும் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குது.

பைக் சர்வீஸ் சென்டர்ல கஸ்டமர் கவுன்ட்டர் பாக்கறேன். புதுசா சேந்த ரேவதிக்கு நான்தான் வேலை கத்துக்குடுக்கறேன்.

மொத நாளே சொன்னேன்: "கோவமா வர்றவங்களுக்கு உடனே பதில் சொல்லாத. சேர் போட்டு, தண்ணி பாட்டில் குடு. வாய் வைக்காம அண்ணாந்து குடிக்கறப்ப யாராலயும் கத்த முடியாது. அதுக்குள்ள பாதி கோவம் இறங்கிடும்."

இன்னிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வரலன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டிட்டாரு. வேலையே வேணாம்னு சொல்லிடலாம்னு அவர் ரூமுக்குக் கிளம்பிட்டேன்.

ரேவதி குறுக்க ஒரு சேரை இழுத்துப் போட்டா. "மொதல்ல தண்ணி குடிங்கக்கா"ன்னு பாட்டிலை நீட்டினா.

குடிச்சேன். பாதி இல்ல, முக்கால்வாசி கோவம் இறங்கிடுச்சு.

இப்ப திண்டிவனமே வரப்போவுது, ஒரே பேஜாரா இருக்கு. என் மேல பாசத்துல குடுத்தாளா, இல்ல என்னையும் ஒரு கஸ்டமரா சமாளிச்சாளா?

எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சவங்களும் இதையேதான் யோசிச்சிக்கினு வீட்டுக்குப் போனாங்களா?

அவங்கள்ல யாராவது இதைப் படிச்சா, உண்மையைச் சொல்லிடுங்க. கத்தினாலும் பரவால்ல.