கவாத்தில் அறுந்த வடம்

என் மேசைமேல் ஒரு சாண் நீளமுள்ள கறுப்பு வடத்துண்டு ஒன்று கிடக்கிறது. அதன் ஒரு முனை கொடுவாளால் சாய்வாக வெட்டுண்டது. உற்றுப் பார்த்தால் உள்ளே மயிரினும் மெல்லிய கண்ணாடி இழைகள் தெரியும். எங்கள் பல்கலைக்கழகக் கணினி மையத்தின் இயக்குநராயிருந்த அம்மையார், தம் மேசையில் தாள்கள் பறக்காதிருக்க இதைத்தான் வைத்திருந்தார். அவர் மறைந்தபின், அறையை ஒழித்தவர்கள் குப்பையில் இடவிருந்ததை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்திற்குப் பத்தாண்டுக்கான தகவல் தொழில்நுட்ப இலக்குகளை வகுக்க ஒரு குழு அமைந்தபோதுதான் அவரோடு எனக்குப் பழக்கம் உண்டாயிற்று. தமிழ்த்துறையினனான எனக்குத் திட்டத்தைப் பிழையற்ற தமிழில் எழுதித் தரும் பொறுப்பு. ‘ஒளியிழை வடம்’ என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். “உங்க வடம் தேர் இழுக்கத்தானுங்க சார் ஆவும். என்னுது வெறும் கேபிளுங்க.” ஏற்காட்டு மலையிலுள்ள நாகலூரில், ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகளாகப் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, சமவெளிக்கு இறங்கியவர் அவர். எத்தனை பட்டங்கள் பெற்றும் அந்த மலைப்பேச்சை அவர் கைவிடவில்லை. நானும் அதைத் திருத்த முனையவில்லை.

அவர் விரும்பிய இலக்கு ஒன்றே. மாரமங்கலத்தில் பெயரளவில் இருந்த எங்கள் கல்வி மையத்திற்கு இணைய இணைப்பு வேண்டும். சேலத்தில் நடக்கும் வகுப்பை மலைப்பெண்கள் அங்கிருந்தே காண வேண்டும். பஸ்ஸில் மலை இறங்கி ஏறுவதிலேயே பகல் கழிந்துவிடுவதால், பல தகப்பன்மார் ஓராண்டு பார்த்துவிட்டு மகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே இதைத் திட்டத்தின் முதலாண்டில் வைக்க வேண்டுமென்றார். குழுவினரை நம்பவைக்க, சிறிதளவு நிதி பெற்று, நாகலூரிலிருந்து எஸ்டேட்டுகளின் ஊடே, காப்பிக்கு நிழல்தரும் சில்வர் ஓக் மரங்களில் கட்டியே வடத்தை மாரமங்கலம் வரை இழுத்துவிட்டார். சாலையோரம் பள்ளம் தோண்டக் காலமில்லை. சில வாரங்கள் அங்கே வகுப்பு நடந்தது. பெண்கள் தலைவாரிப் பூவைத்து, திரையிலிருந்த ஆசிரியருக்கு எழுந்து வணக்கம் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஒளியை நான் பின்னர் கண்டதில்லை.

குழு இறுதி முடிவுக்காக ஏற்காட்டில், ஏரியைப் பார்த்த ஒரு விடுதியில் கூடியது. மாரமங்கலத்து வகுப்பைத் திரையில் காட்டுவதாக ஏற்பாடு. சன்னலுக்கு வெளியே ஏரியை மூடுபனி மறைத்திருந்தது. உள்ளே திரையும் அதே வெண்மையில் நின்றது. பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஏனுங்கம்மா, இது மாரமங்கலத்துப் பனிங்களா?” அறை முழுதும் சிரித்தது.

சற்றுநேரத்தில் ஜீப்பில் ஒருவர் வந்து இறங்கினார். நாகலூர் எஸ்டேட்டில் கிளை கழிக்கும் பெரியவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் இந்தத் துண்டோடு நின்றார். மழைக்கு முன் நிழல்மரங்களின் கிளைகளை வெட்டிக் கவாத்துச் செய்வது அங்கே ஆண்டுதோறும் நடப்பது. அன்று காலை வடம் கட்டியிருந்த மரவரிசையில் ஆள் ஏறியிருக்கிறது.

“இது உங்குளுதுங்களா கண்ணு? மொளகுக் கொடிய ஒதுக்கி உட்டுட்டுத்தான் வெட்டுனமுங்க. இதைய ஆரும் சொல்லுலீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதையும் ஒதுக்கியிருப்பமுங்க.”

வெட்டியவர்கள்மேல் பழிபோட அம்மையாருக்கு அப்போது எளிதாக வழியிருந்தது. அவரோ எழுந்து நின்று, “தப்பு என்னுதுங்க. நான் ரைட்டர் ஊட்டுப் பொண்ணு. எப்பக் கவாத்துன்னு தெரியாம வளந்தவ இல்லீங்க. அவசரத்துல மறந்துட்டேன். மொத வருசத்துலயே ரோட்டோரம் பள்ளம் தோண்டிப் பொதைச்சுக் குடுத்துருங்க, போதும்” என்றார். துணைவேந்தர் கனிவானவர், மறுக்கவில்லை. மலைக்கு இது ஒத்துவருமா என்று ஆராய்ந்து செய்யலாம் என்று கூறி, இலக்கைப் பத்தாம் ஆண்டுக்கு மாற்றினார்; அதுவரை அறுந்ததை ஒட்டவும் நிதி இல்லையென்றாயிற்று. முதலாண்டின் இடத்தில் விரல்ரேகை வருகைப்பதிவு அமர்ந்தது. அந்த வரியை நான் அழகாகவே எழுதினேன்.

வெளியே வந்ததும் அம்மையார் ஏரிப்பக்கம் திரும்பி நின்றார். “பத்து வருசங்கறது நமக்குத் திட்டமுங்க சார். அந்தப் புள்ளைங்களுக்கு அது கலியாணம், கொழந்தை, எல்லாமுங்க.” பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஆய்வுக் கூட்டத்தில் அந்த இலக்கை முன்னே கொணரக் கேட்டார், ஒவ்வோர் ஆண்டும் அது தன் இடத்திலேயே இருந்தது. பத்தாம் ஆண்டு பிறக்குமுன் நோய் அவரைக் கொண்டுபோயிற்று.

சென்ற மாதம் மாரமங்கலத்தில் இணைப்பைத் தொடங்கிவைத்தார்கள். வடம் சாலையோரம் முறையாகப் புதைக்கப்பட்டிருந்தது. இத்துண்டை அம்மையாரின் நினைவாக அந்த அறையில் வைத்துவிடலாமென்று பையில் கொண்டுபோயிருந்தேன். திரை ஒளிர்ந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். இடுப்பில் குழந்தையோடு கதவருகே நின்ற ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. அவளும் அந்த முதல் வகுப்பில் இருந்தவளாம்.

“அந்த மேடம் வருலீங்களா?”

இல்லையென்றேன். காரணத்தையும் சொன்னேன். அவள் குழந்தையை மறுஇடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “கேபிள் அறுந்தப்பறமும் நாங்க நொம்ப நாளு வந்து உக்கோந்திருந்தமுங்க. மேடம் எப்படியும் சரி பண்ணிருவாங்கன்னு. அப்பறம் எங்கப்பாரு வேண்டாம்னுட்டாரு.” திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், “உள்ள வரலாங்களா?” என்று கேட்டாள். வரலாம் என்றேன். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். குழந்தை அழத் தொடங்கவே எழுந்து போய்விட்டாள்.

வடத்துண்டை அங்கே வைக்க எனக்கு மனம் துணியவில்லை. பையோடு திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த பத்தாண்டுக்கான இலக்குகளின் வரைவு நேற்று என் மேசைக்கு வந்தது. மொழி பார்த்துத் தருமாறு குறிப்பு. மலையிலுள்ள ஏனைய ஊர்களுக்கான இணைப்பு அதன் இறுதியாண்டில் இருக்கிறது. சன்னல் வழியே காற்று வந்து தாள்களைப் புரட்டுகிறது. அந்தப் பக்கத்தின்மேல் வடத்துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு சொல்லும் திருத்தவில்லை.