நான்காம் வகுப்புச் சுவர்

தலைமையாசிரியராக இருந்த பதினொரு வருடத்தில் நான் திட்டாத ஆசிரியர் ஒருவர்கூட இல்லை. முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளியில், கூரை ஒழுகுகிறது என்று மும்தாஜ் டீச்சர் சொன்னபோது, "நீங்க என்ன இன்ஜினியரா?" என்று மற்ற ஆறு ஆசிரியர்கள் முன்னால் கத்தினேன்.

அந்த ஐப்பசி மழையில் அவர் தன் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரையும் மூன்று நாள் வராந்தாவில் வைத்துப் பாடம் நடத்தினார். மூன்று நாளும் திட்டினேன். "உள்ள இருட்டா இருக்கு சார்" என்றார்.

நான்காம் நாள் பதினொரு மணிக்கு வகுப்பறைச் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

"விரிசல் விட்டதை ஏன் சொல்லல?" அப்போதும் கத்தினேன்.

"சொன்னா, 'இன்ஜினியரம்மா, உள்ள போங்க'ன்னு பிள்ளைங்களையும் சேர்த்து அனுப்பிடுவீங்க சார். திட்டு வாங்கினாப் போதும்னு இருந்துட்டேன்."

மற்ற ஆறு ஆசிரியர்களுக்கும் விரிசல் தெரிந்திருந்தது.

கண்டிப்பானவர் என்று யாராவது என்னைப் புகழ்ந்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. சுவர் விழப்போவது அந்தப் பள்ளியில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.