பொன்னாடைகளுக்கு நடுவே ஒரு பாட்டு

கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டியில் ஏறும்போதே கோபம் ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல கூட்டம். கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்தார்.

“பாய், அந்த மூட்டையைத் தூக்கி மேல போடுங்க. ஆளுங்க நிக்க வேணாமா?”

“மேல போட்டா உருண்டு விழுந்துடும்ங்க. உள்ள இருக்கிறது உடையிற சாமான்.”

“இன்னா, முட்டையா?”

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பைக்குள் இருக்கும் லென்ஸுக்கு நான் கட்டிய தவணையைச் சொன்னால் இந்த வண்டியில் எவனும் சிரிக்க மாட்டான். டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய், பைக்குத் தனியாக அரை டிக்கெட் வேண்டும் என்றார். எடுத்துத் தொலைத்தேன். சீட்டு எடுத்த பொருளை மடியில் வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று சொல்லி, மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பழைய டவுன் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம், அப்புறம் ஊர். சாலை போடுகிறோம் என்று தோண்டிப் போட்ட மண் முழுவதும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. லென்ஸ் மூடியைத் துடைப்பதா, மூஞ்சியைத் துடைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு போனேன்.

மேடைக் கச்சேரிகளைப் படம் எடுப்பது என் பிழைப்பு. இன்னிசைக் குழு, பட்டிமன்றம், நாட்டியம், கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், எதுவாக இருந்தாலும் போவேன். இந்த வாரம் குறிஞ்சிப்பாடி, போன வாரம் பரங்கிப்பேட்டை. பாட்டுக்காரர்களைப் படம் எடுப்பவன் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் நான் எடுப்பதில் முக்கால்வாசி பொன்னாடை. யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்குப் போர்த்துகிறார், இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார்கள். பாடுகிறவள் ஓரமாக நின்று எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை மேடையில் இதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரியும். பழகிப் போய்விடும் என்றார்கள், பழகவே இல்லை.

அன்றைக்கு நான் போனது அமுதாவுக்காக. காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பெண், என் பள்ளிக்கூட சிநேகிதன் தாஸ் நடத்தும் இன்னிசைக் குழுவில் கோரஸ் பாடுகிறாள். மேடையின் இடது மூலையில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், வெளிச்சமே படாத இடத்தில்தான் கோரஸ் நிற்கும். அவள் சேர்ந்த நாளிலிருந்து நான் அந்தக் குழுவைப் படம் எடுக்கிறேன். என்னிடம் இருப்பதெல்லாம் அவளுடைய முழங்கையும் ஜடையும்தான். அதற்கு நானும் ஒரு காரணம் என்று சொல்லலாம், ஆனால் இருட்டில் நிற்கும் ஆளை நான் என்ன செய்ய?

முந்தின வாரம் போன் பண்ணியிருந்தாள். “அண்ணே, சிதம்பரத்துல தாஸ் சார் எனக்குத் தனிப் பாட்டு குடுத்திருக்காரு. ஒண்ணே ஒண்ணு. அத்தை பாக்க வர்றாங்க. நீங்க கண்டிப்பா வரணும்ணே.”

அத்தை என்றால் மாமியார். அந்தம்மா சும்மா வரவில்லை. “கும்பலோட நின்னு ஆ...ன்னு இழுக்கிறதுக்கு ஊர் ஊரா போகணுமா? அதுல உன் குரல் எதுன்னு கட்டுனவனுக்கே தெரியல. நான் வந்து பாக்குறேன். அப்படித்தான்னா இதோட நிறுத்திக்க” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். அமுதா இதைச் சொல்லும்போது அழவில்லை. “எனக்கு அந்தப் பாட்டு மட்டும் போதும்ணே” என்றாள்.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் மண்டபத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். “கீழ வீதியில டிராபிக் ஜாஸ்தி பாய், சுத்திதான் போகணும்” என்று சொன்ன டிரைவர் நேராகவே போனார். கேட்டதற்கு, “இன்னைக்கு இல்ல போல” என்றார். சண்டை போட எனக்குத் தெம்பு இருந்தது, ஆனால் மத்தியான வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

மண்டப வாசலில் பிளெக்ஸ். ஒரு சங்கத்தின் ஆண்டு விழா. எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன், எல்லாச் சங்கமும் ஒன்றுதான். தலைவர் முகம் ஆள் உயரத்துக்கு, செயலாளர் முகம் அதில் பாதி, அப்புறம் பாஸ்போர்ட் சைஸில் இரண்டு வரிசை முகங்கள். அடியில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ‘இன்னிசை நிகழ்ச்சி நடைபெறும்’ என்று ஒரு வரி. யார் இன்னிசை? அது எதற்கு உங்களுக்கு? சாப்பாடு உண்டு, வந்தால் போதும்.

“மச்சான், வந்துட்டியா!” என்று தாஸ் ஓடி வந்தான். கீபோர்டு வாசிக்கிறவன், குழுவையும் அவன்தான் கட்டி மேய்க்கிறான். “ஆறு மணிக்கு மண்டபத்தைக் காலி பண்ணிடணும்டா. சாயங்காலம் வேற ரிசப்ஷன் இருக்கு. அதுக்குள்ள எல்லாத்தையும் அடிச்சு முடிச்சிடணும்.”

“அமுதா பாட்டு?”

“அஞ்சாவது பாட்டு மச்சான். தாலாட்டு. கேட்டுப் பாரு, அசந்துடுவ.”

சாப்பாடு முடிந்து கச்சேரி தொடங்கியது. பின்னால் ஒரு எல்.இ.டி. திரை, அதில் மயில் தோகை விரித்துக்கொண்டே இருந்தது. அந்த வெளிச்சத்தில் பாடகர் மூஞ்சி ஒரு நிமிஷம் பச்சை, ஒரு நிமிஷம் ஊதா. எவன் கண்டுபிடித்தானோ, அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு அதையே வைத்து நான் படம் எடுத்துத் தர வேண்டும். மூன்றாவது வரிசையில் அமுதாவின் மாமியார் மடியில் பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை தட்டவில்லை. மூலையில் இருந்த கோரஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு பாட்டு முடிந்தது. அமுதா மைக்கை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தாள். நான் கீழே மண்டி போட்டு உட்கார்ந்து, அவள் முகத்துக்குக் குறி வைத்துவிட்டேன். அப்போது தலைவர் மேடையேறினார்.

“இடையில ஒரு சின்ன கௌரவிப்பு.”

சின்ன கௌரவிப்பாம்! பக்கவாட்டில் வரிசை நின்றது. வரிசையின் வால் சமையல்கட்டு வரைக்கும் போனது. ஒவ்வொருத்தராகப் பேர் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, என்னைப் பார்த்துத் திரும்பி, ஃபிளாஷ் அடித்த பிறகுதான் இறங்குகிறார்கள். இது எங்கள் பக்கத்து வழக்கம். பொன்னாடை தோளில் விழுந்தால் கணக்கில்லை, ஃபிளாஷ் அடித்தால்தான் கணக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால் பொன்னாடை மொத்தமே கொஞ்சம்தான். ஒருத்தருக்குப் போர்த்தியது பின்பக்கமாக மடிந்து, சுற்றி வந்து, அடுத்தவர் தோளில் ஏறுகிறது. சட்னிக் கறை பட்ட பச்சைப் பொன்னாடை ஒன்றை நான் நாலைந்து தோளில் பார்த்துவிட்டேன். அமுதா மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். மண்டப மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு தடவை வந்து போனார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஃபிளாஷ் இல்லாவிட்டால் இவர்கள் ஓய்ந்துவிடுவார்கள் என்று நினைத்து கேமராவை இறக்கினேன். “தலைவரே, பேட்டரி போச்சு” என்றேன்.

நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். யாரும் இறங்கவில்லை. பொன்னாடையைத் தூக்கிப் பிடித்தவர் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். “பரவால்ல பாய், மாத்திட்டு வாங்க, நாங்க இருக்கோம்” என்றார் தலைவர், ரொம்பப் பெருந்தன்மையாக. அது போதாதென்று, ஏற்கெனவே இறங்கிப் போன ஒருவர் கீழேயிருந்து எழுந்தார்.

“எப்பப் போச்சு பேட்டரி? அப்ப என் படம் விழுந்துச்சா?”

“விழுந்துச்சுங்க, விழுந்துச்சு!”

“எதுக்கு வம்பு, இன்னொரு தபா எடுத்துடுங்க” என்று வரிசையில் போய் நின்றார். அவரைப் பார்த்து இன்னொருவர். அவரைப் பார்த்து ஒரு குடும்பமே. முடிய இருந்த வரிசை திரும்பவும் சமையல்கட்டுக்குப் போய்விட்டது.

மேடை ஓரத்துக்கு அமுதா வந்தாள். குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “அண்ணே, உங்கள யாரு பேட்டரி போச்சுன்னு சொல்லச் சொன்னது? இன்னும் ரெண்டு பேருதான் இருந்தாங்க. முடிஞ்சிருந்தா நான் பாடியிருப்பேன்ல?”

அவர்கள் மேல் இருந்த கோபம் மொத்தமும் என் மேலேயே திரும்பியது. பேசாமல் பேட்டரியைக் கழற்றி அதையே திரும்ப மாட்டி, வேக வேகமாக அடித்துத் தள்ளினேன். ஒருத்தரையும் “இன்னொண்ணு” என்று நிறுத்தவில்லை. அப்படியும் வரிசை தீர்வதற்குள் ரிசப்ஷன்காரர்கள் மேடைக்கான பூ அலங்காரத் தட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். மேனேஜர் சவுண்டுக்காரரிடம் போய், “ஆஃப் பண்ணுப்பா, போதும்” என்றார். சவுண்டுக்காரர் கையை எடுக்காமல் தலைவரைப் பார்த்தார்.

தலைவருக்கு அப்போதுதான் மைக்கோடு நிற்கும் பெண் கண்ணில் பட்டாள். “நேரம் இல்லம்மா. சரி, பாட்டுக்குப் பதிலா உனக்கும் ஒரு பொன்னாடை போட்டு முடிச்சிடுவோம். வா வா.”

பாட்டுக்குப் பதிலாப் பொன்னாடை! சொன்னான் பார், அதே பச்சைப் பொன்னாடை, சட்னிக் கறையோடு. அமுதா நடு மேடைக்கு வந்தாள். தலைவர் போர்த்தினார், இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டார், என் பக்கம் திரும்பிச் சிரித்தார். மூன்றாவது வரிசையில் மாமியார் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அமுதா என்னைப் பார்த்தாள். நான் ஃபிளாஷை அணைத்தேன்.

“தலைவரே, அசையாதீங்க. லைட் பத்தல. அப்படியே நில்லுங்க.”

நின்றார். படம் என்றால் எங்கள் தலைவர்கள் எமன் வந்தாலும் நிற்பார்கள். நான் தாஸைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். தாஸ் மக்கு இல்லை, கீபோர்டில் கை வைத்துவிட்டான். அமுதா மைக்கைத் தூக்கினாள்.

அவள் முதல் வரியைப் பாடியதும் சமையல்கட்டுப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. அந்தக் குரல் இத்தனை வருஷம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் கிடந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. நான் கத்திக்கொண்டே இருந்தேன். “கொஞ்சம் முகத்தைத் தூக்குங்க தலைவரே... ஆங், அப்படியே... கண்ணை மூடாதீங்க... இன்னும் ஃபோகஸ் ஆவல.” பொன்னாடை முனையைப் பிடித்த அவருடைய கை நடுங்க ஆரம்பித்தது. சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஃபிளாஷ் அடிக்காமல் கையை எடுத்தால் படம் போய்விடும் என்ற பயத்தில் மனுஷன் அசையவே இல்லை. தலைவர் போஸில் நிற்கும்போது சவுண்டை நிறுத்த மேனேஜருக்கும் தைரியம் இல்லை.

ஃபிளாஷ் இல்லாமலே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். பல்லவி, ஒரு சரணம், திரும்பப் பல்லவி. முழுசாகப் பாடி முடித்தாள். அதற்கப்புறம்தான் ஃபிளாஷைப் போட்டு ஒன்று அடித்தேன், அவர் ஆசைக்கு. அது நன்றாக வந்ததா என்று இன்றுவரை நான் பார்க்கவில்லை.

மூன்றாவது வரிசையில் அந்தம்மா நின்றுகொண்டே இருந்தார். பை அவர் கையில்தான் இருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டோம். காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. அமுதாவும் மாமியாரும் ஏறி உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று கேமராத் திரையில் படத்தைக் காட்டினேன். அமுதா முகம் முழுசாக, வாய் திறந்து, கண் மூடி. ஓரத்தில் பொன்னாடையைப் பிடித்த இரண்டு கை மட்டும். தலைவர் ஃபிரேமுக்கு வெளியே.

போன் அடித்தது, தலைவர்தான். “பாய், கடைசியா அந்தப் பொண்ணோட எடுத்தீங்களே, அதை மொதல்ல அனுப்புங்க. ரொம்ப நேரம் நின்னேன்.”

“அனுப்புறேன் தலைவரே. கை நல்லா விழுந்திருக்கு.”

“மூஞ்சி?”

“கோரஸ்ல நிக்கிறவங்களுக்கு மூஞ்சி விழாதுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சங்கத்தில் எனக்கு இனி வேலை கிடையாது. போகட்டும் சனியன்.

மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அமுதா பக்கம் திரும்பினார்.

“அடுத்து எங்கடி கச்சேரி?”

“சேத்தியாத்தோப்புல அத்தை.”

“அங்கயும் அந்த மூலையிலதான் நிப்பியா?”

அமுதா பயந்துபோய், “ஆமா அத்தை, அங்கதான் நிக்கச் சொல்வாங்க” என்றாள்.

“எவன் சொல்வான்? நானும் வர்றேன். எங்கிட்ட சொல்லட்டும்.”

டிரைவர் வண்டியை எடுத்தார். நான் கடலூர் பஸ் நிற்கும் பக்கம் நடந்தேன். அந்தக் கண்டக்டரே மறுபடியும் படியில் நின்றுகொண்டிருந்தார். பையைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார், வழி விட்டார்.