ஏழு முறுக்கில் இரண்டு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இன்று, அன்னாருக்காக ஒப்புக்கொடுக்கப்படும் திருப்பலியில் பங்கேற்று, இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் வணக்கம். அண்ணனின் வாழ்வை எழுதுமாறு அண்ணியார் என்னைப் பணித்தார். பதினெட்டு ஆண்டுகள் ஒரே பட்டறையில் அவருடன் நின்றவன் என்பதன்றி இதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

அண்ணன் பூவத்தில் பிறந்தார். தந்தையார் காலமானபோது அவருக்கு வயது பதினான்கு. அடுத்த மாதமே காரைக்காலில் ஒரு தச்சுப் பட்டறையில் சேர்ந்து தாயாரையும், இரு தங்கைகளையும், என்னையும் காப்பாற்றினார். தங்கைகளைக் கரையேற்றிய பின்னரே தமக்கு மணம் பேச இசைந்தார். சாராயக்கடை வாசலை அவர் மிதித்ததே இல்லை என்று எழுதினால் அது உண்மையாகாது; கிறிஸ்துமஸ் அன்று மட்டும் மிதிப்பார். பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டதில்லை என்பது முழு உண்மை.

அண்ணனின் தாடையில் இருந்த தழும்பை அனைவரும் அறிவீர்கள். சைக்கிளிலிருந்து விழுந்ததாகவே கேட்டவர்களிடம் சொல்லி வந்தார். நடந்தது வேறு. வச்சிரப் பசை பூசிச் சேர்த்த பலகைகளை, பசை காயும்வரை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். இரும்புக் கிளாம்பு இல்லாத இடத்தில் கயிற்றை இரட்டையாகச் சுற்றி, இடையில் குச்சி செருகி முறுக்கி, குச்சி திரும்பாதபடி கட்டி வைப்போம். பழைய பட்டறையில் வேறொருவர் முறுக்கிய குச்சியை அண்ணன் அவிழ்க்கப் போக, அது சுழன்று தாடையைக் கிழித்தது. தலத்தெருவில் சொந்தப் பட்டறை வைத்த நாளிலேயே ஒரு முறையை வகுத்தார்: முறுக்கியவரே அவிழ்க்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம், எங்கள் பங்குக் கோயிலின் தலைவாயில் கதவு எங்கள் பட்டறையில் உருவாகிக்கொண்டிருந்தது. செல்லரித்த பழைய கதவைக் கழற்றிவிட்டு வாயிலில் கீற்றுத் தட்டி கட்டியிருந்தார்கள். திருவிழாக் கொடியேற்றத்துக்கு நான்கே நாட்கள் இருந்தன. ஒரு கதவு முடிந்துவிட்டது. மற்றொன்றின் பலகைகளை அன்று காலை ஒட்டினோம். பங்கு மக்கள் கூடி வாங்கிக் கொடுத்த தேக்கு அது. மிச்சம் என்று ஒரு சாண் துண்டும் இல்லை. இருந்த நான்கு கிளாம்புகளும் போதாமல், நடுவில் அண்ணன் சணல் கயிறு சுற்றி முறுக்கினார். கை துடைப்பதற்குள், அண்ணியாருக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றுள்ளதாகச் செய்தி வந்தது. அண்ணியார் அதற்கு முன் இரு குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார்.

“நான் வந்து அவுக்குறேன். யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு அண்ணன் ஓடினார்.

நண்பகலில் மழை பிடித்தது. ஓடு ஒழுகவே, நானும் உடன் வேலை செய்த சூசையும் பலகைகள் நனையாதிருக்கச் சாக்குகளைப் போர்த்தினோம். எங்கள் பிழை அதுதான். நனைந்த சாக்கு கயிற்றுக்கு நீரூட்டியது. நனைந்த சணல் சுருங்கி இறுகும் என்பது எங்களுக்குத் தெரியாததன்று. மரத்தை நினைத்தோம், கயிற்றை நினைக்கவில்லை.

பலகையிலிருந்து ‘டக்’கென்று ஓர் ஒலி எழுந்தது. சாக்கை நீக்கினேன். கதவின் இரு ஓரங்களும் மேசையிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பியிருந்தன. பசை பாதிதான் காய்ந்திருந்தது. இன்னும் இறுகினால் ஒட்டு பிளக்கும். ஒரேயடியாக அவிழ்த்தாலும் பிளக்கும்.

“அவுத்துடலாமா?” என்றேன்.

“உங்க அண்ணன் போட்ட முறுக்க, ஆண்டவரே எறங்கி வந்தாலும் ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் தொடுவாரு. போயி கேட்டுட்டு வாங்க” என்றார் சூசை. அவர் சிரிக்கவில்லை.

மழையில் சைக்கிளை மிதித்தேன். பிரசவ அறைக்கு வெளியே அண்ணன் சுவரில் கைவைத்து நின்றிருந்தார். உள்ளே அண்ணியாரின் குரல் கேட்டது.

“அண்ணே, சாக்கு நனைஞ்சு கயிறு இறுகிப்போச்சு. ஓரம் தூக்குது. நீங்க வந்தாதான்...”

அண்ணன் என்னைப் பார்த்தார். மூடியிருந்த கதவைப் பார்த்தார். உள்ளே மீண்டும் அலறல்.

“ஏழு முறுக்கு போட்டிருக்கேன்” என்றார். “ரெண்டு விடு. அரை அரையா விடு. ஓரம் எறங்கலேன்னாலும் மூணாவதத் தொடாத. மூஞ்சிய குச்சிக்கு நேரா வைக்காத.”

“நானா அண்ணே?”

“வேற யாருடா? போ.”

திரும்பி வந்தபோது இடைவெளி ஒன்றரை விரலாகியிருந்தது. சூசை ஓரத்தை அழுத்திக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு குச்சியின் கட்டை அறுத்தேன். குச்சி உயிருள்ளதுபோல் கையை இழுத்தது. அரை முறுக்கு. மூச்சு விட்டேன். ஒன்று. ஒன்றரை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. இரண்டு.

ஓரம் இறங்கவில்லை.

“இன்னும் ஒண்ணு விடுங்க தம்பி! கண்ணு முன்னால பொளக்கப் போவுது!” என்று சூசை கத்தினார்.

எனக்கும் அவ்வாறே தோன்றியது. ஆயினும் அண்ணன் தொடாதே என்றது மூன்றாவதை. குச்சியை இரு கைகளாலும் மார்போடு அணைத்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று அறியேன். மழை ஓய்ந்தபின் சூசை மெதுவாகச் சொன்னார்: “எறங்குது.”

மாலையில் அண்ணன் வந்தார். “பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றார். அதன் பிறகே ஒட்டின்மேல் விரலை நீளத்துக்கும் ஓட்டினார், விரல் எங்கும் தடுக்கவில்லை. மறுநாள் பசை காய்ந்ததும், அவிழ்க்க வாருங்கள் என்று அழைத்தேன்.

“கடைசியா கை வச்சவன் நீ. இனிமே அது ஒன்னோட முறுக்கு. நீயே அவுத்துடு” என்றார். கொடியேற்றத்தன்று அந்தக் கதவைத் திறந்தே உள்ளே போனோம். இன்றும் அதன் வழியாகவே நீங்கள் வந்திருப்பீர்கள்.

சென்ற ஆண்டு ஆறு மாதங்கள் அண்ணன் நோயுற்றுப் படுத்திருந்தார். அந்நாட்களில் உணவு கொண்டுவந்த வரிச்சிக்குடித் தங்கை வீட்டாருக்கும், ஞாயிறுதோறும் நற்கருணை கொணர்ந்த பங்குத் தந்தை அவர்களுக்கும், சவப்பெட்டி செய்ய எங்களை விடாமல் தாமே செய்து முடித்த சூசைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பெயர் கேட்டுவைக்கத் தவறிவிட்டேன். இறுதி நாள் முற்பகலில் அண்ணன் என் மணிக்கட்டைப் பற்றியிருந்தார். ஊசி போட வந்த செவிலியர், “கைய எடுத்து விடுங்க ஐயா” என்றார். “புடிச்சவருதாம்மா விடணும்” என்றேன். அந்த அம்மையார் ஏன் என்று கேட்கவில்லை. மறுபுறம் சென்று மற்றக் கையில் ஊசியைப் போட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து என் பின்னால் வைத்தார்.

பகல் பன்னிரண்டு மணி அளவில் அண்ணனே விட்டார்.